ஆம்ப் மாற்றினால் ஒலி மாறுமா?

விலை உயர்ந்த ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கியவர் அடுத்து கேட்கும் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: "இதுக்கு எந்த ஆம்ப் நல்லா இருக்கும்?" ஆம்ப் என்றால் ஆம்ப்ளிஃபயர், இசையின் மின்சைகையைப் பெருக்கி ஹெட்ஃபோனை ஓட்டும் கருவி. பதில்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு ஆம்ப் இதமாக இருக்கும் என்பார்கள், இன்னொன்று வறட்சி என்பார்கள், மூன்றாவதில் பாடகர் எதிரே வந்து உட்கார்ந்து பாடுவார் என்பார்கள். யாரும் பொய் சொல்வதில்லை, அவரவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் எங்கே பிறக்கிறது என்று தேடிப் போனால், பல சமயம் அது ஆம்புக்குள் இருப்பதில்லை. வால்யூம் குமிழில் இருக்கும், கேட்பவர் மனதில் இருக்கும், அல்லது ஆம்பும் ஹெட்ஃபோனும் சேரும் இடத்தில் இருக்கும். இந்த மூன்றாவது இடம்தான் உண்மையில் சுவாரஸ்யமானது. ஆனால் முதல் இரண்டையும் கழித்தால்தான் அது கண்ணில் படும்.

முதலில் குமிழ். இரண்டு ஆம்ப்களிலும் குமிழை ஒரே நிலையில் வைத்தால் ஒரே அளவு சத்தம் வராது. ஒவ்வொன்றின் கெயினும், அதாவது உள்ளே வருவதை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதும், வேறு. கெயின் இரண்டு மடங்கு என்றால் சத்தம் 6 டெசிபல் கூடும் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு). அது யாருக்கும் தெரிந்துவிடும், குறைத்துக்கொள்வார்கள். ஏமாற்றுவது அரை டெசிபலும் ஒரு டெசிபலும்தான். அந்த அளவு சின்ன வித்தியாசம் 'சத்தம் அதிகம்' என்று உறைக்காது. 'இதில் கொஞ்சம் தெளிவு அதிகம்', 'பேஸ் நல்லா இறங்குது' என்றுதான் தோன்றும். (பேஸ் என்றால் தாழ்ந்த சுரங்கள்.)

இதற்குப் பின்னால் காதின் இயல்பே இருக்கிறது. 1933-ல் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் ஒரு பெரிய அளவீட்டை வெளியிட்டார்கள். எல்லா அதிர்வெண்களையும் காது சமமாகக் கேட்பதில்லை என்பதோடு, அந்தச் சமமின்மை சத்தத்தின் அளவைப் பொறுத்து மாறுகிறது என்பதையும் அது காட்டியது. மெதுவாகக் கேட்கும்போது பேஸ் காதில் தேய்ந்துபோகிறது. சத்தத்தைக் கூட்டக் கூட, நடு அதிர்வெண்களைவிட வேகமாகப் பேஸ் மேலே வருகிறது. இன்று ஐஎஸ்ஓ 226 என்ற தரக்குறிப்பில் இருக்கும் வளைகோடுகள் அந்த வேலையின் வாரிசுகள். ஆகவே சத்தம் கூடினால் இசையின் சமநிலையே மாறிவிடுகிறது. கொஞ்சம் சத்தமாக ஒலிக்கும் ஆம்ப் கிட்டத்தட்ட எப்போதும் ஜெயிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சத்தத்தை எப்படிச் சமன் செய்வது? காதால் முடியாது, மல்டிமீட்டர் வேண்டும். ஹெட்ஃபோனைச் செருகியபடியே 400 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை ஓடவிட்டு, ஆம்பின் வெளியீட்டில் ஏசி வோல்ட்டை அளக்க வேண்டும். ஏன் 400? மலிவான மீட்டர்கள் அதற்கு மேலே போகப்போகத் தப்பாகக் காட்டத் தொடங்கும். கீழே 100 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஹெட்ஃபோனின் சொந்த விளையாட்டு குறுக்கே வரும், அதைப் பிறகு பார்ப்போம். ஒரு ஆம்பில் 1.000 வோல்ட் வந்தால் இன்னொன்றில் 0.99-க்கும் 1.01-க்கும் இடையில் கொண்டுவர வேண்டும். அப்போது வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கும். மீட்டரே கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை, இரண்டுக்கும் அதே தப்புத்தானே.

அடுத்தது மனம். எந்த ஆம்ப் ஓடுகிறது என்று தெரிந்தாலே தீர்ப்பு சாய்ந்துவிடும். 1994-ல் ஒலி ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஸ்பீக்கர்களை வைத்து இதைக் காட்டினார்கள். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள். திரைக்குப் பின்னால் இருக்கும்போது ஒரு மதிப்பெண், கண்ணால் பார்த்தபின் வேறு மதிப்பெண். இதைத் தவிர்க்கத்தான் ஏபிஎக்ஸ் என்ற முறை. ஏ ஒரு ஆம்ப், பி இன்னொரு ஆம்ப், எக்ஸ் அந்த இரண்டில் ஒன்று. எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 1950-ல் இந்த முறையை எழுதி வைத்த இருவரில் ஒருவர் அதே மன்சன், உடன் மார்க் கார்ட்னர். 16 முறை கேட்டு 12 முறை சரியாகச் சொன்னால், அது வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் நடந்திருக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 9 முறை சரி என்றால் நாணயம் சுண்டியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாற்றுவதும் சட்டென்று நடக்க வேண்டும். நுணுக்கமான ஒலி நினைவு சில நொடிகளிலேயே மங்கிவிடும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டி, சூடாகட்டும் என்று காத்திருந்து ஒப்பிடுகிறவர் ஒலியை ஒப்பிடவில்லை, போன தடவை தான் சொன்ன வர்ணனையை ஒப்பிடுகிறார்.

1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு சவால் விட்டார். 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்கள் எந்த ஆம்பைக் காட்டினாலும் தன்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்பை அதே மாதிரி ஒலிக்கவைக்க முடியும் என்றார். அவர்கள் விலை உயர்ந்த ஒரு வால்வு ஆம்பை (டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்களால் இயங்குவது) தேர்ந்தெடுத்தார்கள். கார்வர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இரண்டு ஆம்ப்களுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சம் என்ன கேட்கிறது என்று கவனித்தார். மிச்சம் குறையும்வரை தன் ஆம்பின் உள்ளே பாகங்களை மாற்றிக்கொண்டே போனார். கடைசியில் மிச்சம் சுமார் 70 டெசிபல் கீழே போய்விட்டது. அதன்பின் பத்திரிகைக்காரர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அவர் ஜெயித்தது அல்ல. ஆரம்பத்தில் அந்த மிச்சம் இருந்தது என்பதுதான். ஆம்ப்களுக்கிடையே வித்தியாசம் இருக்க முடியும், ஆனால் அது அளக்கக்கூடியது, பிரதி எடுக்கக்கூடியது.

அப்படியானால் அந்த வித்தியாசம் எதில்? இன்றைய நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்களில், ஆம்ப் தானாகச் சேர்க்கும் சிதைவு இசையின் சத்தத்துக்கு 100 டெசிபல் கீழேயும் அதற்கு அப்பாலும் கிடக்கிறது. கேட்கும் வரம்பு முழுவதும் அதிர்வெண் கோடு (எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டுவது) மேசைபோலத் தட்டை. அங்கே தேடிப் பயனில்லை. தேட வேண்டிய இடம் வெளியீட்டு இம்பீடன்ஸ்.

இம்பீடன்ஸ் என்பது மாறுமின்னோட்டத்துக்கு ஒரு கருவி காட்டும் எதிர்ப்பு, அளவு ஓம். ஹெட்ஃபோன் பெட்டியில் ஒரே ஒரு எண்தான் அச்சிட்டிருக்கும். ஆனால் அது எல்லா அதிர்வெண்ணுக்கும் பொருந்தாது. 1997-ல் வந்து இன்றும் பலர் அளவுகோலாக வைத்திருக்கும் சென்ஹைசர் ஹெச்டி 600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 300 ஓம். 100 ஹெர்ட்ஸ் அருகே அளந்தால் 500-ஐத் தாண்டும். காரணம், அங்கேதான் அதன் சவ்வுக்கு ஒத்ததிர்வு. சவ்வு அதிகமாக ஆடும்போது அதோடு ஒட்டிய காயிலும் (கம்பிச்சுருள்) காந்தத்துக்குள் வேகமாக ஆடுகிறது. காந்தத்துக்குள் ஆடும் காயில் மின்சாரத்தை உண்டாக்கும் அல்லவா? அது உள்ளே வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது எதிர்ப்பு ஏறியதுபோலத் தெரிகிறது.

இப்போது ஆம்பின் பக்கம் வருவோம். ஒவ்வொரு ஆம்பின் வெளியீட்டுக்கும் உள்ளுக்குள் ஒரு இம்பீடன்ஸ் உண்டு. ஆம்ப் தரும் வோல்ட்டை அதுவும் ஹெட்ஃபோனும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆம்புடையது 1 ஓம் என்றால், 300 ஓம் இடத்திலும் 500 ஓம் இடத்திலும் ஹெட்ஃபோனுக்கு ஏறத்தாழ முழு வோல்ட்டும் கிடைக்கும். வேறுபாடு ஒரு டெசிபலில் நூறில் ஒரு பங்கு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்கள் சிலவற்றில் இது 100 ஓம் வரை இருக்கும். அப்போது 300 ஓம் இடத்தில் நான்கில் மூன்று பங்கு வோல்ட்தான் ஹெட்ஃபோனுக்கு வரும், 500 ஓம் இடத்தில் ஆறில் ஐந்து பங்கு. கணக்குப் போட்டால் 0.9 டெசிபல் வித்தியாசம். அதாவது 100 ஹெர்ட்ஸைச் சுற்றி அகலமாக, கிட்டத்தட்ட ஒரு டெசிபல் உயரத்துக்கு பேஸில் ஒரு மேடு. ஆடும் சவ்வை ஆம்ப் இழுத்துப் பிடிப்பதும் தளர்ந்துவிடும். வால்வு ஆம்பில் "இதமா இருக்கு" என்று சொல்கிறவர் பிரமையில் பேசவில்லை. அந்த இதம் அளவுகோலிலும் தெரிகிறது. ஆனால் அது வால்வின் மந்திரம் மட்டுமல்ல. சாதாரண ஆம்புக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தாலும் அதே மேடு எழும்பும். (வால்வுகள் சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக் சிதைவு, அதாவது சுரத்தின் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் வரும் கலப்பு, தனிக்கணக்கு. அது சில ஆம்ப்களில் காதுக்கு எட்டும் அளவுக்கும் இருக்கும்.)

அதே வால்வு ஆம்பில் பிளானர் வகை ஹெட்ஃபோனை மாட்டினால் அந்த இதத்தில் பாதி காணாமல் போய்விடும். பிளானரில் சவ்வின் மேலேயே மெல்லிய மின்தடம் ஓடுகிறது. அதன் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே கோடு. ஆம்ப் பங்கு பிடித்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பிடிக்கும், சத்தம் குறையும், சமநிலை குலையாது. ஒரே ஆம்பைப் பற்றி இரண்டு பேர் எதிரெதிராகப் பேசினால், என் முதல் கேள்வி அவர்கள் எந்த ஹெட்ஃபோனில் கேட்டார்கள் என்பதே.

காதுக்குள் செருகும் வகையில் இது இன்னும் மோசம். பல பேலன்ஸ்டு ஆர்மெச்சர்களை (மிகச் சிறிய ஒலிப்பான்கள்) வைத்துக் கட்டிய ஒரு இயர்ஃபோன் ஓரிடத்தில் 8 ஓமும் வேறிடத்தில் 40 ஓமும் காட்டுகிறது என்று வையுங்கள். 10 ஓம் வெளியீடு உள்ள ஆம்பில் அது 5 டெசிபல் வித்தியாசமாக மாறும். அது வேறொரு இயர்ஃபோன்தான். ஆம்பின் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்று ஒரு கைக்கணக்கு புழங்குவது இதனால்தான். அந்த வரம்புக்குள் இருந்தால் எப்படிப்பட்ட ஹெட்ஃபோனானாலும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு டெசிபலைத் தாண்டாது. வேடிக்கை என்னவென்றால், 1996-ல் வந்த ஐஇசி 61938 என்ற தரக்குறிப்பு ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்று பரிந்துரைத்தது. அதை நம்பி வடிவமைத்த ஹெட்ஃபோனை இன்றைய ஆம்பில் மாட்டினால், வடிவமைத்தவர் நினைத்ததைவிட பேஸ் குறைவாகக்கூடக் கேட்கலாம்.

சக்தியைப் பற்றிய பேச்சு தேவைக்கு அதிகமாகவே நடக்கிறது. ஆனாலும் ஒரு உதாரணம் சொல்லத்தான் வேண்டும். ஹைஃபைமேன் ஹெச்இ-6 என்ற பிளானருக்கு ஒரு மில்லிவாட் கொடுத்தால் 83.5 டெசிபல்தான் வரும். சராசரியாக 75 டெசிபலில் கேட்க 0.14 மில்லிவாட் போதும், அது எந்த ஆம்பிலும் உண்டு. ஆனால் மத்தளமோ டிரம்ஸோ வெடித்து எழும் கணத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றால் சுமார் 450 மில்லிவாட் ஆகும், 50 ஓமில் 4.7 வோல்ட். போனில் செருகும் சின்ன டாங்கிளால் முடியாது, அலையின் உச்சி வெட்டுப்படும். இதற்கு நேர்மாறான தொல்லை, கொஞ்சம் மின்சாரத்திலேயே சத்தமாக ஒலிக்கும் கூர்மையான இயர்ஃபோன்களுக்கு. பலமான ஆம்பில் மாட்டினால் இசை இல்லாத இடத்தில் 'உஸ்ஸ்' என்று இரைச்சல், அத்துடன் குமிழ் அடிமட்டத்தில் இருப்பதால் இடது வலது சமமில்லாமல் பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார்.

இவ்வளவையும் ஹெட்ஃபோன்களுக்கிடையேயான வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் ஆம்ப் பேச்சு கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். இரண்டு உயர்ரக ஹெட்ஃபோன்கள் ட்ரெபிளில் (உயர்ந்த சுரங்களில்) 5 டெசிபல், 10 டெசிபல் விலகி நிற்பது சாதாரணம். நம் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், அது 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தானாகவே தூக்கிக் கொடுக்கிறது. காதுமடலும் தன் பங்குக்கு வளைக்கிறது. ஹெட்ஃபோன் மடலைச் சுற்றி அடைத்துக்கொள்வதால் அந்த வளைவுகளைச் செயற்கையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கருத்து. போதாக்குறைக்கு மடல் ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு 8,000 ஹெர்ட்ஸில் குத்தும் ஹெட்ஃபோன் உங்களுக்கு மிருதுவாக இருக்கலாம். அதே தலையில் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலும் மேடுபள்ளங்கள் இடம் மாறும். மூடிய வகையில் கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிப்பிடித்தால் பேஸ் ஒழுகிப்போகும்.

விலை இதில் வழிகாட்டுமா என்றால், 2017-ல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அதிர்வெண் கோடுகளை விலையோடு வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

ஹெட்ஃபோன்களைக் கண்ணை மூடி ஒப்பிடுவதும் எளிதல்ல. தலையில் ஏறிய நொடியில் எடையும் மெத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். ஹார்மன் நிறுவனத்தில் ஆலிவின் குழு 2013-ல் இதற்கு ஒரு வழி செய்தது. ஒரே ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, மற்ற ஹெட்ஃபோன்களின் அதிர்வெண் கோடுகளை, அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரால் அதில் போலி செய்து கேட்கவைத்தார்கள். எல்லாமே அப்படிப் போலியாகிவிடாது என்றாலும், பிடித்தது பிடிக்காததில் பெரும்பங்கு அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. ஆம்புக்குச் செலவழிக்கும் முன் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸை ஒரு டெசிபல் ஏற்றிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். காசு செலவில்லை, பிடிக்காவிட்டால் இறக்கிவிடலாம்.

நிலைமின் வகை ஹெட்ஃபோன்களுக்கு மட்டும் இந்த விவாதம் முழுதாகப் பொருந்தாது. மிக மெல்லிய சவ்வு ஒன்று இரண்டு உலோக வலைகளுக்கு நடுவே மின்னேற்றத்தோடு தொங்குகிறது. ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கருவிகளில் அந்தச் சவ்வில் 580 வோல்ட். அதை ஆட்டவும் நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும், ஆகவே தனி ஆம்ப் இல்லாமல் அது வாய் திறக்காது. 2015-ல் சுமார் 50,000 யூரோ என்று அறிவிக்கப்பட்ட சென்ஹைசர் ஹெச்இ 1-ல் உயர் வோல்ட் கடைசிக் கட்டத்தைக் காதுக் கிண்ணங்களுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதற்கு எந்த ஆம்ப் பொருத்தம் என்று யாரும் கேட்க முடியாது.