ஒப்பந்தப்புள்ளி: சொல்லும் பொருளும்

பல்கலைக்கழக வளாகத்தில் புதிய ஆய்வகக் கட்டடம் எழுப்பவோ, அதற்கு வேண்டிய கருவிகளை வாங்கவோ முற்படும்போது ஆட்சிக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் தவறாமல் இடம்பெறும் சொல் ஒப்பந்தப்புள்ளி. பேச்சில் அதையே டெண்டர் என்கிறோம். இரண்டும் ஒரே பொருளைக் குறித்தாலும், அவற்றோடு நாம் சேர்த்து வழங்கும் வினைச்சொற்கள் அப்பொருளைக் குழப்பிவிடுகின்றன. பொது நிதி செலவாகும் இடத்தில் இந்தக் குழப்பத்தைச் சிறிதென்று விட்டுவிட முடியாது.

டெண்டர் என்பதன் மூலம் 'நீட்டுதல்' என்னும் பொருளுடைய தெந்தெரே என்ற இலத்தீன் வினை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மென்மையைக் குறிக்கும் அதே ஒலியுடைய ஆங்கிலச் சொல், தெனெர் என்னும் வேறோர் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகும். கடனைத் தீர்ப்பதற்காகப் பணத்தை எடுத்து நீட்டுவதும் சட்ட வழக்கில் டெண்டர்தான். ஆகவே, 'இந்தப் பணியை இந்தத் தொகைக்கு, இந்தக் காலத்துக்குள் முடித்துத் தருகிறேன்' என்று ஒருவர் தாமாக முன்வந்து நீட்டுவதே இச்சொல்லின் பொருள். நீட்டுபவர் கட்டுமான நிறுவனத்தாரோ கருவி வழங்குநரோ ஆவார், பல்கலைக்கழகம் அன்று. கான்ட்ராக்ட் என்னும் சொல்லோ 'சேர்த்து இழுத்தல்' என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒருவர் நீட்டியதை மற்றவர் பற்றிக்கொண்ட பிறகே இருவரையும் சேர்த்து இழுக்கும் கட்டு உண்டாகிறது.

தமிழ்ப் பேச்சில் டெண்டரை 'விடுகிறார்கள்', 'போடுகிறார்கள்', 'எடுக்கிறார்கள்'. மூன்று வினைகளும் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கின்றன: விடுபவர் அழைப்பு விடுக்கிறார், போடுபவர் தம் விலையை முன்வைக்கிறார், எடுப்பவர் பணியைப் பெறுகிறார். மூன்று நிலைகளுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், செய்தித்தாளில் 'கட்டடத்துக்கு டெண்டர் விடப்பட்டது' என்று படிப்பவருக்கு, பணி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதா, அழைப்பு மட்டும் வெளிவந்துள்ளதா என்பது விளங்குவதில்லை. அழைப்பைக் குறிக்கும்போது 'ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுள்ளது' என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. கோருபவர் ஒருவர், அளிப்பவர் இன்னொருவர் என்பது அந்த வினையிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒப்பந்தப்புள்ளி என்னும் தொடரில் முதற்சொல்லின் அடி 'ஒப்பு'. இசைதல், உடன்படுதல் என்னும் பொருளில் வரும் இவ்வடி கன்னடத்திலும் தெலுங்கிலும் உண்டு. ஒப்பந்தம் என்ற சொல்லும் சிறு ஒலி வேறுபாட்டோடு அம்மொழிகளில் வழங்குகிறது. இரண்டாம் சொல்லான புள்ளி இன்னும் ஆழமானது. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் குறியைத் தொல்காப்பியம் புள்ளி என்றே சொல்கிறது. பொட்டையும் குறியையும் உணர்த்திய சொல், பின்னர் எண்ணையும் கணக்கையும் அளவையும் குறிக்க வந்தது. புள்ளிவிவரம் என்னும் சொல்லிலும், தேர்வு மதிப்பெண்ணைப் புள்ளி என்று சொல்லும் இலங்கைத் தமிழர் வழக்கிலும் இப்பொருளே நிற்கிறது. ஆகவே ஒப்பந்தப்புள்ளி என்பதை, உடன்பாட்டை நாடிக் குறிக்கப்பட்ட தொகை என்று கொள்ளலாம். தொகையை மட்டும் கேட்டுப் பெறும் சிறு கொள்முதலுக்கு விலைப்புள்ளி என்ற சொல் இருக்கிறது. நிபந்தனைகள், விவரக்குறிப்பு, பிணைத்தொகை ஆகியவற்றோடு முறைப்படி பெறுவதற்கு ஒப்பந்தப்புள்ளி என்பதே பொருந்தும்.

இலங்கையில் விலைமனு என்றும் கேள்விப்பத்திரம் என்றும் வழங்குவர். மனு என்பது வேண்டுதலைக் குறிப்பதால், விலை கூறுபவரை இரந்து நிற்பவராகக் காட்டுகிறது என்பது என் கருத்து. கேள்வி அப்படியன்று. ஏலத்தில் விலை கூறுவதை 'ஏலம் கேட்டல்' என்பது நம் பழகிய வழக்காதலால், கேள்விப்பத்திரம் மொழியின் உள்ளிருந்தே எழுந்த நல்ல சொல். அதையும் தமிழ்நாட்டு வாசகர் அறிந்துவைப்பது நன்று.

ஒப்பந்தப்புள்ளி என்னும் சொல்லில் ஒரு குறை உண்டு. ஒப்பந்தம் என்பது முன்னால் நிற்பதால், ஒப்பந்தம் முடிந்துவிட்டது போன்ற தோற்றம் எழுகிறது. உண்மையில் அழைப்பு அறிவிப்பும் ஒப்பந்தம் அன்று, அளிக்கப்பட்ட புள்ளியும் ஒப்பந்தம் அன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முன்மொழிவு ஏற்கப்படும்போதே வாக்குறுதி ஆகிறது. அந்த ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். அது முன்மொழிந்தவருக்குத் தெரிவிக்கப்படவும் வேண்டும். அதுவரை முன்மொழிந்தவர் தம் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். அவ்வாறு பின்வாங்குவோரைத் தடுப்பதற்காகவே, புள்ளியோடு சேர்த்துக் கட்டும் பிணையாகிய முன்வைப்புத் தொகை கேட்டுப் பெறப்படுகிறது.

இங்குதான் ஒப்புதல், ஏற்பு என்னும் இரு சொற்களையும் பிரித்தாள வேண்டிய தேவை எழுகிறது. கட்டடக் குழு பரிந்துரைத்து, நிதிக்குழு ஆராய்ந்து, ஆட்சிக்குழு தீர்மானமாக நிறைவேற்றுவது ஒப்புதல். அது நிறுவனத்தின் உள்ளே நிகழ்வது. அத்தீர்மானத்தின் அடிப்படையில் உரிய அலுவலர் புள்ளி அளித்தவருக்கு எழுத்தில் தெரிவிப்பது ஏற்பு. அதைத் தாங்கிச் செல்வது ஏற்புக் கடிதம். கட்டுமானமாயின் அதன்பின் பணி ஆணையும், கருவியாயின் கொள்முதல் ஆணையும் வரும். ஒப்புதலையும் ஏற்பையும் அங்கீகாரம் என்ற ஒரே சொல்லால் எழுதிவிட்டால், தீர்மானம் நிறைவேறிய நாளிலேயே கட்டு ஏற்பட்டுவிட்டதாகப் படிப்பவர் எண்ண நேரிடும். பின்னாளில் காலத்தாழ்வு பற்றிய வழக்கு எழுந்தால் எந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்பதே பூசலாகும்.

ஆகவே, நடவடிக்கைக் குறிப்பில் 'ஆய்வகக் கட்டடத்துக்கான ஒப்பந்தம் அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதுவதை விட, 'ஆய்வகக் கட்டடப் பணிக்குப் பெறப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகளுள் தகுதியுடைய குறைந்த புள்ளியை ஏற்க ஒப்புதல் வழங்கப்பட்டது. ஏற்புக் கடிதம் அனுப்பப் பதிவாளருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது' என்று எழுதுவதே சரியான தமிழும் சரியான சட்டமும் ஆகும்.