கல் பொறுக்கத் தெரிந்த பூச்சி

கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் வளர்ப்பவர்களிடம் ‘பச்சைத் தண்ணி’ என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். வெயில் படும் தொட்டியில் நுண்பாசி பெருகிப் பச்சை பிடித்த தண்ணீர் அது. அதில் டாஃப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சியைக் கொஞ்சம் விட்டால் சில நாளில் தொட்டியின் அடி தெரியும். தின்று கொழுத்த டாஃப்னியா அப்புறம் மீன்குஞ்சுக்குத் தீனி. எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் இந்தக் கணக்கு ஒருமுறை பொய்த்தது. பூச்சி நிறைய இருந்தது, பச்சையும் அப்படியே இருந்தது. (பூச்சி என்பது பேச்சுவழக்கு. உண்மையில் இவை இறாலுக்கும் நண்டுக்கும் உறவு.)

டாஃப்னியா சாப்பிடுவது சல்லடையில் சலிப்பது போல. அதன் கால்களில் நெருக்கமாக மயிரிழைகள் உண்டு. பல இனங்களில் இழைகளுக்கு நடுவே 1 மைக்ரோமீட்டர் இடைவெளிகூட இருக்காது. கால்கள் ஓயாமல் அடிக்க, சிக்கியதெல்லாம் கவளமாகி வாய்க்குப் போகும். ஒவ்வொரு செல்லையும் ருசி பார்த்துப் பிரிக்க அதனால் முடியாது. நூல் போன்ற பாசி வந்து அடைத்தால், வயிற்றின் நுனியிலுள்ள கொக்கியால் மொத்தக் கவளத்தையும் வழித்துத் தள்ளிவிடும். நல்ல பாசியும் அதோடு போகும்.

இந்தப் பலவீனம் பாசிக்கு நன்றாகப் பயன்படுகிறது. டாஃப்னியா வாழ்ந்த தண்ணீரை, வடிகட்டிய பிறகும், சீனடெஸ்மஸ் பாசியில் ஊற்றினால் போதும். தனித்தனியாக இருந்த செல்கள் நாலும் எட்டுமாகச் சேர்ந்து வளர்கின்றன. சின்ன வாய்க்குள் நுழையாத அளவு. 1993-இல் இது பதிவானது. ஸ்ஃபேரோசிஸ்டிஸ் என்ற பாசி இன்னும் துணிச்சலானது. வழவழப்பான கூழ் உறையோடு உள்ளே போய், குடலைக் கடந்து உயிரோடு வெளியே வருகிறது, வழியில் பாஸ்பரஸையும் உறிஞ்சிக்கொண்டு. 1976-இல் கரேன் போர்ட்டர் இதைக் காட்டினார். இலையில் பரிமாறிய பண்டம், சாப்பிட்டவரிடமே தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பிய கதை.

கோபிபாட் வேறு ரகம். இதுவும் இறாலுக்கும் நண்டுக்கும் உறவுதான், துடுப்புக்காலி என்று பெயர். பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். எண்ணூர் முதல் கோவளம் வரை நம் கடலிலும், ஏரி குளங்களிலும் உண்டு. இதுவும் சல்லடைதான் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1981-இல் மிமி கோலும் ரூடி ஸ்ட்ரிக்லரும் அதை அசையவிடாமல் பிடித்துவைத்து அதிவேகப் படம் எடுத்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

அந்த அளவு உடம்புக்குத் தண்ணீர் வெல்லப்பாகு மாதிரி. நெருக்கமான இழைகளின் நடுவே அது எளிதில் ஓடாது. பாகில் சீப்பை இழுத்துப் பாருங்கள், பலகையை இழுத்தது போலத்தான் இருக்கும். அதனால் கோபிபாட் முதலில் வாயைச் சுற்றிய உறுப்புகளை அடித்து ஒரு நீரோட்டத்தை உண்டாக்குகிறது. பாசி நெருங்கியதும் இரண்டு கைகளை விரிப்பது போல உறுப்புகளை விரித்து, பாசியோடு சேர்த்து ஒரு துளித் தண்ணீரை அள்ளி மூடுகிறது. சலித்தல் அல்ல, அரிசியில் கல் பொறுக்குவது.

பாசி வருவது எப்படித் தெரிகிறது? வாசனைதான் ஒரு வழி. ஒவ்வொரு பாசியையும் சுற்றி அதிலிருந்து கசிந்த பொருள்களின் மெல்லிய படலம் உண்டு. நீரோட்டம் அதை முன்பக்கமாக இழுத்து நீட்டுவதால், பாசிக்கு முன்பே வாசனை வந்து சேர்கிறது. தெருமுனையிலேயே சாம்பார் மணப்பது போல. 1978-இல் புலேயும் மார்சோவும் இதை அழகாகச் சோதித்தார்கள்: நுண்ணிய செயற்கை உருண்டைகள், சிலவற்றில் மட்டும் பாசியின் சாறு. கோபிபாட்கள் சாறு ஏறியதையே அதிகம் தின்றன. பிடித்த பிறகு பிடிக்காமல் துப்புவதும் உண்டு. டயட்டம் பாசியின் கண்ணாடி ஓட்டை உடைக்க, பல இனங்களின் பற்களுக்கு சிலிக்கா முனையும் இருக்கிறது.

குளத்தில் கோபிபாட்டின் இந்த ருசி பார்க்கும் நாக்கு எப்போதும் நன்மை செய்யும் என்று சொல்ல முடியாது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நஞ்சுள்ள நுண்பாசியை விலக்கி மற்றதைத் தின்றால், போட்டி ஒழிந்து மைக்ரோசிஸ்டிஸே பெருக வழியாகும். கடலிலோ சில அலெக்ஸாண்ட்ரியம் பாசிகள், கோபிபாட் வெளியிடும் ஒருவகைக் கொழுப்புப் பொருளை உணர்ந்தே நஞ்சைக் கூட்டுகின்றன.

2019 ஆகஸ்ட் 18 இரவு திருவான்மியூர், பெசன்ட் நகர் கரைகளில் அலை நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கலாம். காரணம் நாக்டிலூகா. ஒரே செல், ஆனால் பெரியதென்றால் கோபிபாட் அளவுக்கு வரும். கோபிபாட் மாதிரி ஆய்ந்து பொறுக்கும் வழக்கம் அதற்கில்லை. ஒட்டியதை விழுங்கும், டயட்டமானாலும் சரி, கோபிபாட்டின் முட்டையானாலும் சரி.

எங்கள் தொட்டித் தண்ணீரை நண்பரின் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். நாலு நாலாக ஒட்டிய செல்கள், ஓரத்தில் முள். சீனடெஸ்மஸேதான்.