குழந்தையைத் தலைக்கு மேல் சுற்றாதீர்கள்

கோடை விடுமுறை தொடங்கினாலே அவசர சிகிச்சைப் பிரிவில் எனக்கு வயிறு கலங்கும். கண்மாய், கிணறு, கல்குவாரிக் குட்டை என்று ஏதோ ஒன்றில் மூழ்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். சென்ற வாரம் வந்தவரின் வேட்டியெல்லாம் சேறு. "வயித்தை அமுக்கினோம், தலைக்கு மேல வச்சுச் சுத்தினோம், தண்ணி நிறைய வந்துச்சு டாக்டர்" என்றார். பையனுக்கு நாடித்துடிப்பு இல்லை.

தயவுசெய்து இதைக் கேளுங்கள். வாய் வழியாக வருவது வயிற்றுத் தண்ணீர். அது வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளை பிழைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நுரையீரலுக்குள் போன தண்ணீரைச் சுற்றியோ, தலைகீழாகத் தொங்கவிட்டோ வெளியே எடுக்கவும் முடியாது. அமுக்கினால் வயிற்றில் இருக்கும் சோறும் சேர்ந்து மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். மூச்சில்லாமல் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களைத்தான் நாம் சுற்றியே தொலைக்கிறோம்.

மூச்சு இல்லையா? மல்லாக்கப் படுக்க வையுங்கள், தாடையைத் தூக்குங்கள், மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து 2 முதல் 5 தடவை ஊதுங்கள். அப்புறம் நடு மார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

ஆனால் என் ஆதங்கமே பிள்ளை எங்களிடம் வரும் நிலையே ஏன் வந்தது என்பதுதான். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021-இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். வங்கதேச கிராமங்களில் அம்மாக்கள் வேலையாக இருக்கும் காலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளை ஊரிலேயே ஒருவர் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களை நடத்தினார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். மூழ்கிச் சாகும் பிள்ளைகள் குறைந்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வண்டல் மண் அள்ளிய கண்மாயில் ஜேசிபி தோண்டிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்களைக் கேளுங்கள், கை காட்டுவார்கள். ஓரிடத்தில் முழங்கால் அளவு, அடுத்த அடியில் ஆள் மூழ்கும் ஆழம். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு அந்த ஒரு அடி போதும். அங்கே கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவது ஊராட்சியின் வேலை. தரையோடு தரையாகக் கிடக்கும் கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது உரிமையாளரின் வேலை. தட்டிக் கேட்பது உங்கள் வேலை.

இன்னொன்று: மூழ்குபவரைப் பார்த்து அடுத்தடுத்துக் குதித்து அக்கா, தம்பி, சித்தப்பா என்று ஒரே வீட்டில் போகிறார்கள். குதிக்காதீர்கள்! சேலையை வீசுங்கள், மூங்கிலை நீட்டுங்கள். மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேனில் நீளக் கயிறு கட்டிக் கரையில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் தொங்கவிடுங்கள். அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ள இளைஞர் மன்றப் பையன்கள் போதும்.

மே 1 கிராம சபை கூடும். சாலை, குடிநீரோடு இதையும் எழுந்து நின்று கேளுங்கள். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்காரர்களை ஒருநாள் கரைக்கு அழைத்து மீட்பையும் முதலுதவியையும் செய்து காட்டச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அன்றைக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.