பிந்தி வந்தால் பாதை நிற்காது

செங்கலடியில் என் பெரியம்மா, குவைத்தில் வேலை செய்யும் மகளோடு இரவில் கதைப்பார். போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்திருப்பார். "சாப்பிட்டயா மகள்?" என்று இவர் கேட்கும்போதே, "மருந்து போட்டீங்களா அம்மா?" என்று அங்கிருந்து வரும். இருவரும் நிறுத்துவார்கள். பிறகு இருவரும் ஒன்றாகவே தொடங்குவார்கள்.

கொமினிகேஷன் கடையில் நிமிடக் கணக்கில் கதைத்த காலத்தில், அழைப்பு முடியும்வரை இணைப்பு நமக்கென்றே திறந்திருக்கும். பேசாமல் அழுத நேரத்துக்கும் காசு. இணையத்தில் அப்படி ஒதுக்கிய வழி இல்லை. குரல் 1 செக்கனுக்கு 50 துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் முகவரியும் இலக்கமும் தாங்கித் தனித்தனியே போகிறது. மூன்றாவது துண்டு இரண்டாவதை முந்தியும் வரலாம்.

இஸ்ரேலில் அலோன் கோஹனும் லியோர் ஹராமாட்டியும் 1989இல் வோகல்டெக் நிறுவனத்தைத் தொடங்கியபோது செய்தது கணினிக்கான ஒலி அட்டை. 1995 பெப்ரவரியில், இணையம் வழியாகக் கதைக்க உதவும் 'இன்டர்நெட் போன்' என்ற மென்பொருளை விற்பனைக்கு விட்டார்கள். சாதாரணத் தொலைபேசிக் குரலுக்கு செக்கனுக்கு 64,000 பிட் (கணினித் தரவின் மிகச் சிறிய அலகு) வேண்டும். கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தோடு இணைத்த அன்றைய வீட்டு மோடம் தாங்கியது 14,400 அல்லது 28,800. குரலை நசுக்கித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. பல ஒலி அட்டைகளால் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. ஒருவர் முடித்த பிறகே மற்றவர். அப்படியிருந்தும் அடுத்த வருடமே நிறுவனம் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போய்விட்டது.

நான் வியப்பது வேறொன்றை. மின்னஞ்சலில் ஒரு துண்டு தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம். பேச்சில் அது வந்து சேரும்போது கதை அடுத்த வசனத்துக்குப் போயிருக்கும். மட்டக்களப்பில் குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் போகும் பாதையை, அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைப் பாருங்கள். சனம் ஒன்றும் இரண்டுமாக வரும். பாதை கொஞ்சம் பொறுத்து, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு புறப்படும். அதற்கும் பிந்தி ஓடி வருபவர் கரையில்தான். கேட்கும் பக்கத்து மென்பொருளும் துண்டுகளைச் சற்றுத் தேக்கி, வரிசைப்படுத்தி, சீரான ஓட்டத்தில் ஒலிக்க விடுகிறது. பிந்தியதை எறிந்துவிடுகிறது.

எவ்வளவு பொறுப்பது என்பதில்தான் நுட்பம். அதிகம் பொறுத்தால் குரல் தெளிவு, ஆனால் பெரியம்மாவின் பேச்சும் மகளின் பேச்சும் மோதிக்கொள்ளும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செக்கனைத் தாண்டினால் காது அதை உணரத் தொடங்கும். குறையப் பொறுத்தால் பல துண்டுகள் கரையில் நின்றுவிடும். அந்த ஓட்டையை மென்பொருள் முந்தைய ஒலியை நீட்டி அடைக்கும். மழை இரவுகளில் குரல் ரோபோ மாதிரி இழுபடுவது அதனால்தான்.

அப்போது பெரியம்மா போனைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வருவார். "இப்ப கேக்குதா மகள்?"