நீளக் கம்பத்துக்கு எந்த பிரஷ்? வேலை செய்வது முடியின் நுனி

ஜன்னல் கழுவும் நீளக் கம்பத்துக்கு முதன்முதலாக பிரஷ் வாங்குகிறவர் பெரும்பாலும் முடியை விரலால் அழுத்திப் பார்க்கிறார். எது விறைப்பாக நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார். அடிப்பிடித்த பாத்திரம் தேய்த்துப் பழகிய கை சொல்லும் யோசனை அது. மூன்றாம் மாடிக் கண்ணாடியில் அந்த யோசனை பலிக்காது. ஏன் பலிக்காது என்று தெரிந்துகொண்டால், எதை வாங்குவது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கருவியைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பிரிட்டனில் குடியிருப்புத் தெருக்களில் நடந்தால், நடைபாதையில் நின்றபடியே ஒருவர் கார்பன் இழைக் கம்பத்தை உயரே நீட்டி மாடி ஜன்னலைக் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வேனில் இருக்கும் தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியே ஏறும் நீர், உச்சியில் மாட்டியிருக்கும் பிரஷின் நடுவில் பீய்ச்சும். சோப்பு கிடையாது, நீரை வழிக்கும் ரப்பர் பட்டையும் கிடையாது. கழுவி முடித்ததும் கண்ணாடியை ஈரமாகவே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஏணியை நம்பியே நடந்துவந்த தொழில் இது. தவிர்க்க முடிந்த இடத்தில் உயரத்தில் ஏறி வேலை செய்வதைத் தவிர்த்தாக வேண்டும் என்று 2005இல் அந்நாட்டில் வந்த விதிகள், கம்பத்தின் பக்கம் பலரைத் திருப்பின.

ஈரத்தை அப்படியே விட்டுவிட முடிவதற்குக் காரணம் நீர்தான். எதிர்ச் சவ்வூடு பரவலிலும் (ஆர்.ஓ.) பிறகு கரைந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பிசினிலும் வடிகட்டப்பட்டு, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீர் அது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு கரைந்த போர் தண்ணீரில் ஒரு துளி கண்ணாடியில் காய்ந்தால், உப்பு முழுவதும் அங்கேயே வெள்ளை வட்டமாகத் தங்கிவிடும். தூய நீரில் தங்குவதற்கு ஒன்றுமில்லை. 'தூய நீர் பசியோடு இருக்கும், அழுக்கைத் தானே தின்றுவிடும்' என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூய நீரின் பெரிய லாபம் கறை விடாமல் காய்வதுதான். ஒட்டியிருக்கும் அழுக்கைப் பெயர்த்துக் கொடுக்க வேண்டியது பிரஷ்.

'பெயர்த்து' என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். ஜன்னலில் படிவது தூசி, மகரந்தம், வாகனப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு, பறவை எச்சம். இவற்றின் ஓரத்தில் ஒரு கூர்மையான நுனி பட்டு இடுக்கு உண்டானால் போதும்; நீர் அடியில் புகுந்து தளர்த்திக் கொண்டுபோய்விடும். ஆக, எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதைவிட எத்தனை நுனிகள் எத்தனை முறை கண்ணாடியைத் தொடுகின்றன என்பதே கணக்கு. ஒரு பிரஷை உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். முதலில் நுனிகள் குறுகுறுக்கும். இன்னும் அழுத்தினால் முடிகள் வளைந்து படுத்துக்கொள்ளும். அப்போது தோலைத் தொடுவது முடியின் வழவழப்பான விலாப்பக்கம். கண்ணாடியிலும் அதுவே நடக்கிறது. பலம் கொண்டமட்டும் தேய்ப்பவர் நுனியை வீணடித்துவிட்டு விலாவால் தடவிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் படுக்காத, தடித்த முடி வாங்கலாமே என்று தோன்றும். இங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. முடியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். நீளத்தின் மூன்றாம் படியில் இறங்கும். விட்டம் இரட்டிப்பானால் விறைப்பு 16 மடங்கு. நீளம் இரட்டிப்பானால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. ஒரே நைலானில் மயிரிழை வித்தியாசத்தில் இரண்டு பிரஷ்கள் முற்றிலும் வேறு குணம் காட்டுவது இதனால்தான். தடித்த முடி என்றால் அதே அகலத்தில் முடிகளின் எண்ணிக்கையும் குறையும், நுனிகளும் குறையும். போதாததற்கு, 10 மீட்டர் நீட்டிய கம்பம் தானே வில்லாக வளையும். கீழே நாம் கொடுக்கும் அழுத்தத்தில் கொஞ்சம்தான் மேலே போய்ச் சேரும். அந்தக் கொஞ்ச அழுத்தத்தில் விறைத்த முடி வளைந்து கொடுக்காது. முன்னே நீட்டிய சில நுனிகள் மட்டும் கண்ணாடியைத் தொட, மற்றவை காற்றில் நிற்கும். உயரம் கூடக் கூட மென்மையான முடியே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இது.

நுனியைப் பெருக்க இன்னொரு வழி உண்டு. கிராமத்தில் வேப்பங்குச்சியை மென்று நுனியை நாராக்கிப் பல் துலக்குவார்களே, அதே வேலையைத் தொழிற்சாலையில் நைலானுக்குச் செய்கிறார்கள். நுனி பிளந்த முடியை ஒரு லென்ஸ் வழியே பார்த்தால், ஒவ்வொன்றின் தலையும் மென்ற குச்சியைப் போலவே பிசிறுபிசிறாக விரிந்திருக்கும். இது நீரை நன்றாகப் பிடித்துவைக்கும், கண்ணாடியை மென்மையாகத் தழுவும். மாதாமாதம் கழுவப்படும் ஜன்னலுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஆனால் பிசிறுக்குள் மண்ணும் மாட்டும், அலச நேரமாகும். பிளக்காத முடி அழுக்கைச் சுரண்டுவதிலும் சட்டென்று அலசப்படுவதிலும் முந்தும்.

பன்றி முடிக்கு இந்தப் பிளவு பிறவியிலேயே உண்டு. அடி பருத்து, நுனி மெலிந்து, தானே கிளை பிரியும் முடி அது. நைலான் இழை முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே பன்றி முடியின் இடத்தைப் பிடிக்கத்தான்: 1938இல் அமெரிக்காவில் பல் துலக்கும் பிரஷாக வந்தது, காலுறையெல்லாம் அதற்குப் பிறகு. ஜன்னல் தொழிலில் மட்டும் பன்றி முடி இன்னும் தோற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் கைபடாத கண்ணாடியின் முதல் கழுவலுக்கும், காய்ந்த எச்சத்துக்கும் அதற்கு இணையான நைலானை நான் பார்த்ததில்லை. அதன் குறை, நீரைக் குடித்துக் கனப்பதும் சீக்கிரம் தேய்வதும்தான். நடுவில் பன்றி முடியும் சுற்றிலும் நைலானும் வைத்த கலப்பு பிரஷ்கள் இரண்டின் நல்லதையும் சேர்க்கும் முயற்சி. ஒன்றே ஒன்று வாங்கும் வசதி இருப்பவருக்கு அதைச் சொல்வேன்.

கனத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 10 மீட்டர் கம்பத்தை 70 பாகைச் சாய்வில் பிடித்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அதன் உச்சி உங்கள் கையிலிருந்து கிடைமட்டமாக ஏறத்தாழ 3.4 மீட்டர் தள்ளி நிற்கும். பிரஷ் ஈரத்தில் அரை கிலோ கூடினால், அந்த அரை கிலோ உண்டாக்கும் திருப்புவிசை, 30 செ.மீ. தள்ளிப் பிடித்த ஏறத்தாழ 5.7 கிலோவுக்குச் சமம். பிரஷ் கண்ணாடியில் சாய்ந்திருக்கும்போது சுவர் அதில் பங்கெடுக்கும். ஒரு ஜன்னலிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும்போது பாரம் முழுவதும் தோளுக்கே. நாள் முழுக்க இந்த வேலை செய்பவரின் தோள்பட்டையை நினைத்தால், விலைச்சீட்டுக்கு முன்னால் எடையைப் பார்க்க வேண்டும் என்பேன். அதுவும் நனைந்த எடையை.

'முரட்டு முடி கண்ணாடியைக் கீறாதா?' என்று வீட்டுக்காரர்கள் கேட்பதுண்டு. நைலானும் பன்றி முடியும் கண்ணாடியைவிட மிகவும் மென்மையானவை. அவற்றால் கீற முடியாது. கீறுவது முடிகளுக்கு நடுவே சிக்கிய மணல். பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் கண்ணாடியின் கடினத்தன்மை சுமார் 5.5, மணலிலிருக்கும் குவார்ட்ஸ் 7. தரையில் கிடந்த பிரஷை அலசாமல் கண்ணாடியில் வைப்பது உப்புத்தாள் வைப்பதற்குச் சமம்.

அடுத்து, நீர் எங்கே விழுகிறது என்பது. இதற்குக் கண்ணாடியின் குணம் தெரிய வேண்டும். ஒரு ஜன்னலை நனைத்துவிட்டுச் சற்று நின்று பாருங்கள். சில கண்ணாடிகளில் நீர் ஒரே தாளாகப் பரவி இறங்கும். சிலவற்றில் தாமரை இலையில் போல முத்துமுத்தாகத் திரளும். சட்டத்தில் பூசிய சிலிக்கோன் கசிந்து படிந்திருந்தால் இப்படி ஆவது வழக்கம். தாளாகப் பரவும் கண்ணாடிக்குப் பென்சில் முனை போன்ற மெல்லிய தாரைகள் இரண்டு போதும். பிரஷைத் தூக்கிவிட்டு மேல் ஓரத்திலிருந்து ஊற்றினால் நீர் தானே கழுவிக்கொண்டு இறங்கும். முத்தாகத் திரளும் கண்ணாடியில் அந்தத் தாரை இரண்டு கோடாக வழிந்துவிட்டு, நடுவிலுள்ள துளிகளைத் தொடாமலே போய்விடும். அங்கே நீரை விசிறியாக விரித்துப் பீய்ச்சும் முனைகள் (நாசில்கள்) வேண்டும், அல்லது பிரஷைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே மெல்ல இழுத்து அலச வேண்டும். பில்கிங்டன் நிறுவனம் 2001இல் கொண்டுவந்த தானே சுத்தமாகும் கண்ணாடி முதல் வகையின் உச்சம்: அதன் டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சில் நீர் மெல்லிய படலமாகவே இறங்கும். அதில் முரட்டு பிரஷுக்கு வேலையே இல்லை.

அகலத்தை ஜன்னலே தீர்மானிக்கும். லண்டனின் ஜார்ஜிய காலத்து வீடுகளில் மேல் பாதிக்கு ஆறு, கீழ்ப் பாதிக்கு ஆறு என்று சிறு சதுரங்கள். அங்கே அகல பிரஷ் மரச் சட்டங்களில் முட்டும், மூலைகளை விட்டுவிடும். ஓரத்து முடி நடு முடியைவிட நீளமாக இருக்கும் குறுகிய பிரஷ் அங்கே கை கொடுக்கும். பெரிய கண்ணாடி முகப்புக் கட்டடத்துக்கு அகலம் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கூரையில் சூரியத் தகடு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மென்மையான முடி, லேசான பிரஷ், உப்பில்லாத நீர். போர் தண்ணீரால் கழுவிக் காயவிட்ட தகட்டில் உப்புத் திட்டு ஒளியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நல்ல பிரஷ் வாங்கியவர்களில் பலர் அதை முடி கீழே இருக்கும்படி வேனில் நிறுத்திவிடுகிறார்கள். நைலான் நீரை உறிஞ்சி இளகும் பொருள். ஈரத்தோடு ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தால் மறுநாள் அந்த மடிப்போடுதான் எழுந்திருக்கும். மடிந்துவிட்டாலும் தூக்கி எறிய வேண்டாம். கொதிக்காத, நல்ல சூடான நீரில் சில நிமிடம் முக்கி, கையால் நிமிர்த்தி, முடி மேலே இருக்கும்படி ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். பன்றி முடிக்கு இந்த வைத்தியம் கூடாது; அதை உதறி, காற்றோட்டமாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் போதும்.