பைஹார்ட்

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். போன வாரம் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி நோட்டை நீட்டினாள். மூன்றாவது வரியில் ‘ஐ பைஹார்ட்டட் தி போயம்’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு மேலே ‘ஐ லேர்ன்ட் தி போயம் பை ஹார்ட்’ என்று எழுதினேன். “ரெண்டும் ஒண்ணுதானே அத்தை?” என்றாள்.

பொருள் ஒன்றுதான். ஆனால் ‘பைஹார்ட்’ என்பதை நாம் வினைச்சொல்லாக எடுத்துக்கொண்டோம்; ஆங்கிலத்தில் அது வினையே அல்ல. ‘பை’ ஒரு முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்), ‘ஹார்ட்’ ஒரு பெயர்ச்சொல். இரண்டும் சேர்ந்து, ஒரு செயல் எப்படி நடந்தது என்று சொல்கின்றன. ‘பை ஹேண்ட்’ என்றால் கையால், ‘பை நேம்’ என்றால் பெயர் சொல்லி. ‘பை ஹார்ட்’டும் அந்த வரிசைதான். அதனால் செயலைச் சொல்ல வேறொரு வினை கட்டாயம் வேண்டும். மனப்பாடம் செய்வதற்கு ‘லேர்ன்’, ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பதற்கு ‘நோ’ (know). செய்யுளோ பாட்டோ வினைக்கு அடுத்து வரும், ‘பை ஹார்ட்’ அதற்கும் பின்னால் வரும்.

பிறகு எப்படி நம் வாயில் வினையானது? தமிழின் ‘பண்ணு’தான் காரணம். எந்த ஆங்கிலச் சொல் வந்தாலும் ‘பண்ணு’ சேர்த்து வினையாக்கிக்கொள்வது நம் பேச்சு வழக்கம்: டிரை பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு, பைஹார்ட் பண்ணு. தமிழ்ப் பேச்சுக்குள் இதில் பெரிய தவறொன்றும் இல்லை. அந்தத் தமிழ் வினையை மறுபடி ஆங்கிலமாக்கும்போதுதான் வால் முளைக்கிறது. ‘பைஹார்ட் பண்ணினேன்’ என்பது ‘பைஹார்ட்டட்’ ஆகிவிடுகிறது. கேரளத்துக்காரர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு இந்தத் தொடர் புதிதல்ல. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் கையாண்டிருக்கிறார். பிரெஞ்சு மொழியிலும் சொல்லுக்குச் சொல் இதே அமைப்புத்தான். நினைவுக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு? அறிவும் உணர்வும் குடியிருப்பது நெஞ்சில்தான் என்று பழங்காலத்தில் பல நாட்டவரும் நம்பினார்கள். அரிஸ்டாட்டிலின் கருத்தும் அதுவே. லத்தீனில் ‘கோர்’ என்றால் நெஞ்சு. அதிலிருந்து பிறந்த ‘ரெகார்டாரி’ என்ற வினைக்கு நினைவுகூர்தல், அதாவது மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருதல், என்று பொருள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படம் வரைந்து கையெழுத்து வாங்கும் ‘ரெக்கார்டு’ நோட்டின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

முன்னிடைச்சொல் மாறினால் பொருள் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கும் இதே ‘ஹார்ட்’ நல்ல சான்று. ‘டோன்ட் டேக் இட் டு ஹார்ட்’ என்றால் ‘மனசுல வச்சுக்காதீங்க’. ‘ஹி இஸ் எ சைல்ட் அட் ஹார்ட்’ என்றால் மனசளவில் அவர் குழந்தைதான். ‘ஃப்ரம் தி ஹார்ட்’ என்றால் மனசார. பை, டு, அட், ஃப்ரம் என்று ஆங்கிலம் முன்னால் வைப்பதைத் தமிழ் ‘இல்’, ‘அளவில்’, ‘ஆர’ என்று பின்னால் வைக்கிறது. இந்தத் தொடர்கள் எதையும் ‘இதயம்’ போட்டு மொழிபெயர்க்க முடியாது என்பதையும் பாருங்கள். ‘இதயத்தால் கற்றான்’ என்று எழுதினால் தமிழ் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இனி நம் சொற்கள். பொதுவாக எல்லோருக்கும் தெரிந்தது மனப்பாடம். ஆங்கிலத்தில் பாட்டைத் தெரிந்தவள் எழுவாய்: ‘ஷீ நோஸ் தி சாங் பை ஹார்ட்’. தமிழில் பாட்டுத்தான் எழுவாய்: ‘அந்தப் பாட்டு அவளுக்கு மனப்பாடம்.’ தெரிந்தவள் ‘கு’ உருபு ஏற்று ஒதுங்கி நிற்கிறாள், வினைச்சொல்லே தேவைப்படவில்லை. ‘அவள் அந்தப் பாடலை மனப்பாடமாக அறிவாள்’ என்று எழுதப்பட்டதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அப்படி எந்தத் தமிழரும் பேசுவதில்லை.

இலங்கைத் தமிழர் ‘பாடமாக்கு’ என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ‘பண்ணு’வோ ‘செய்’யோ ஒட்டாமல் ஒரே வினையாக நிற்கிறது. ‘இந்தத் தேவாரத்தைப் பாடமாக்கிப்போட்டு வா’ என்றால் எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

நெட்டுரு வேறு. உரு என்பது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுதல். மந்திரத்தை இத்தனை உரு சொல்ல வேண்டும் என்று கணக்கு வைப்பார்கள். ‘உரு ஏறத் திரு ஏறும்’ என்ற பழமொழியில் இருப்பதும் இந்த உருதான். நெடுமூச்சை நெட்டுயிர்ப்பு என்பதுபோல நீள உருப்போடுவது நெட்டுரு. பொருள் விளங்காமலே உருப்போடுவதற்கு ஆங்கிலத்தில் ‘பை ரோட்’ (by rote) என்று தனித்தொடர் உண்டு. அதற்கு நெட்டுரு சரியாகப் பொருந்தும். ‘பை ஹார்ட்’டில் அந்தக் குறை இல்லை, விரும்பிப் படித்து நெஞ்சில் நிறுத்தியதற்கும் அதையே சொல்வார்கள். மொழிபெயர்ப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.

மனப்பாடத்தையே குறிக்கும் சொற்களில், வடமொழி வழி வந்த கண்டபாடம் தொண்டையையும் கரதலப்பாடம் உள்ளங்கையையும் காட்டும். நம் வாய்ப்பாடு வாயைக் காட்டும். ‘ஈரெட்டுப் பதினாறு’ என்று சொல்லும்போது யாரும் கணக்குப் போடுவதில்லை, வாயே சொல்லிவிடுகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடி என்னும் வாய்ப்பாட்டு ஏட்டில் முழு எண்ணோடு நிற்கவில்லை. கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் வாயிலேயே வைத்திருந்தார்கள். செய்யுள் சீர்களுக்குத் தேமா, புளிமா என்று வைத்த பெயரும் வாய்ப்பாடுதான்.

தெருவையோ தொழிலையோ ஒருவர் நன்றாக அறிந்திருந்தாலும் ஆங்கிலத்தில் ‘பை ஹார்ட்’ வரும். அங்கே மனப்பாடம் ஒட்டாது. ‘மதுரைச் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி’ என்பதே தமிழ்.

மேடைகளில் அடிக்கடி கேட்கும் ‘மனனம்’ மட்டும் தடம் மாறி வந்த சொல். வேதாந்தத்தில் கேட்டலுக்கு அடுத்த படி மனனம். கேட்டதைத் தனக்குள் சிந்தித்துப் பார்த்தல் என்பது அதன் பொருள். இன்றைக்குக் குறள் மனனப் போட்டி என்கிறோம், சிந்தித்தல் கழன்றுவிட்டது. நன்னூல் இந்த இரண்டையும் பிரித்தே வைத்தது. மாணவர் நூல் பயிலும் முறையைச் சொல்லும்போது ‘பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல்’ என்று அடுத்தடுத்து அடுக்குகிறார் பவணந்தி முனிவர். பாடத்தைக் காப்பது ஒரு வேலை, கேட்டதை நினைத்துப் பார்ப்பது இன்னொரு வேலை. அதற்கும் வெகு முன்னால், குறுந்தொகையின் 156ஆம் பாட்டில் வேதத்துக்கு ‘எழுதாக் கற்பு’ என்று பெயர். அங்கே கற்பு என்றால் கல்வி. ஏட்டில் ஏறாமல் வாய்வழியாகவே வந்த கல்வி முழுவதையும் இரண்டே சொல்லில் அடக்கிவிட்டார் அந்தப் புலவர்.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவளுக்கு மறுநாள் தேர்வு. நோட்டை மூடிவிட்டு, “எங்கே, அந்தப் போயத்தைச் சொல்லு பார்ப்போம்” என்றேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டாமல் தடங்காமல் பதினாறு வரியையும் ஒப்பித்தாள். ஐந்தாவது வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதும் கண்ணைத் திறந்து நோட்டைத் தேடினாள். பக்கத்தில் உட்காரச் சொல்லி, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினோம்.