கேமிங் மொனிட்டர் வாங்கப்போறீங்களா? காசு குடுக்க முதல் ஒரு அரை மணித்தியாலம் அதுக்கு முன்னால இருங்க

கிண்ணியாவில இருந்து ஒரு பெடியன் மொனிட்டர கட்டில் விரிப்பில சுத்தி, மோட்டர்சைக்கிள்ல பின்னுக்கு கூட்டாளிய இருத்தி, அவன்ட மடியில வச்சு புடிச்சுக்கொண்டு பாலம் தாண்டி எங்கட கடைக்கு வந்தான். "அண்ணா இது பழுதாகிட்டு போல, கேம் விளையாடக்குள்ள படம் நடுவால வெட்டி வெட்டி போகுது, வாரண்டியில மாத்தித் தருவாங்களா எண்டு ஒருக்கா பாருங்க" எண்டான். 165 ஹேர்ட்ஸ் மொனிட்டர், அதாவது ஒரு செக்கனுக்கு 165 தரம் படத்த மாத்தும், வாப்பா கட்டார்ல இருந்து அனுப்பின காசில வாங்கினது, வாங்கி ஒரு வருசமும் நாலு மாசமும்.

கடையில இருந்த கொம்பியூட்டர்ல போட்டுப் பார்த்தன், ஒரு குறையும் இல்ல. அடுத்த நாள் சிபியுவையும் தூக்கிக்கொண்டு வரச்சொன்னன். பின்பக்கத்த திருப்பிப் பார்த்தா மொனிட்டர் வயர் குத்துற டிஸ்ப்ளேபோர்ட் எண்ட துளைக்கு கொம்பனி போட்ட கறுப்பு பிளாஸ்டிக் மூடி இன்னும் அப்படியே கிடக்கு, பழைய ரீவி பெட்டியோட வந்த எச்டிஎம்ஐ வயரத்தான் குத்தியிருக்கான். விண்டோஸில செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே எண்டு உள்ளுக்குப் போய்ப் பார்த்தா 60 ஹேர்ட்ஸ் எண்டு நிக்குது. வாங்கின நாள்ல இருந்து அந்தப் பிள்ளை 165க்கு காசு குடுத்துட்டு 60லதான் விளையாடியிருக்கு. டிஸ்ப்ளேபோர்ட் வயர் ஒண்டு போட்டு 165 எண்டு குடுத்துட்டு மவுஸ அவன்ட கையில குடுத்தன். வேற ஒண்டும் செய்யேல்ல அவன், மவுஸ வட்டமா சுத்திக்கொண்டே இருந்தான், முந்தி அம்புக்குறி விட்டு விட்டு நாலஞ்சு இடத்தில தெரிஞ்சது இப்ப நெருக்கமா கோடு மாதிரி ஓடுது. காசு எவ்வளவு எண்டு கேட்டான், வயர்ட காசு மட்டும் எடுத்தன்.

இத எழுதுறதுக்கு காரணம் அவன் மட்டும் இல்ல. திருகோணமலையில பதினாலு வருசமா கொம்பியூட்டர் ரிப்பேர் செய்யிறன், பழுது எண்டு வாற கேமிங் மொனிட்டர்ல கனக்க பழுதே இல்ல, ஒண்டில் வாங்கக்குள்ள பிழையான சாமான வாங்கியிருப்பாங்க, இல்லாட்டி சரியான சாமான வாங்கி பிழையா பூட்டியிருப்பாங்க. கிராபிக் காட் (கேம்ட படத்த செய்து குடுக்கிற காட்) போட்ட சிபியுவில மொனிட்டர் வயர மதர்போட்டில குத்திட்டு "காட் வேலை செய்யுதில்ல" எண்டு வந்தவங்கள எண்ணிச் சொல்ல ஏலாது. இதெல்லாம் வெளிநாட்டில வெயில்ல நிண்டு உழைச்ச காசு, இல்லாட்டி அம்மா சீட்டுப் புடிச்சு எடுத்த காசு, அதால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறன்.

முதல் உங்கட சிபியு என்ன எண்டு பாருங்க. 60 ஹேர்ட்ஸில ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிக்கும், 144ல 6.9, 165ல 6.1, 240ல 4.2. அதாவது 60ல இருந்து 144க்குப் போகக்குள்ள கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் மிச்சம், அது யார் பார்த்தாலும் தெரியும், ஆனா 144ல இருந்து 240க்குப் போகக்குள்ள 3 கூட மிச்சமில்ல, விலை மட்டும் நல்லா ஏறும். அதோட அந்த 240 படத்தையும் உங்கட காட் தரவும் வேணும். வேலோரன்ட் மாதிரி பாரம் குறைஞ்ச கேம் எண்டா சின்ன காட்டிலயும் 144 தாண்டும், பெரிய கதை கேம் எண்டா அதே காட் 50, 60க்குள்ளதான் இழுபடும். அதால நம்மட பட்ஜெட்டுக்கு 144ல இருந்து 180க்குள்ள இருந்தா காணும், அந்த மிச்சக் காசுக்கு நல்ல பனல், அதாவது நல்ல திரை பாருங்க எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்றது. இன்னொண்டு, சேர்வர் சிங்கப்பூர்லயோ மும்பையிலயோ இருக்கக்குள்ள வாற பிங்க, அதாவது இன்டர்நெட்டால போய் வர எடுக்கிற நேரத்த, எந்த மொனிட்டரும் குறைக்காது, "லாக் அடிக்குது அண்ணா, 240 வாங்கவா" எண்டு கேக்கிறவங்களுக்கு இத மட்டும் திரும்பத் திரும்ப சொல்லியிருக்கன்.

காட் செக்கனுக்கு ஒரு நேரம் 90 படம், ஒரு நேரம் 60 படம் எண்டு ஏறி இறங்கினா அதுக்கேத்த மாதிரி மொனிட்டரும் தன்ட வேகத்த மாத்துறதுதான் ஃப்ரீசிங், ஜிசிங் எண்டு பெட்டியில போட்டிருக்கிறது. அந்தப் பெடியனுக்கு படம் நடுவால வெட்டினது இது ரெண்டும் ஒத்துப்போகாததாலதான். 2019 ஜனவரியில இருந்து என்விடியா கொம்பனிட காட்டும் கனக்க ஃப்ரீசிங் மொனிட்டரோட வேலை செய்யுது, பொதுவா டிஸ்ப்ளேபோர்ட் வயர்தான் போடணும். சின்ன காட் வச்சிருக்கிறவங்களுக்கு இது கட்டாயம் இருக்கணும், ஹேர்ட்ஸ விட இதுதான் முக்கியம் எண்டு கூட சொல்லுவன்.

இனி பனல். எல்சிடியில டிஎன், ஐபிஎஸ், விஏ எண்டு மூண்டு வகை. டிஎன் வேகம், ஆனா கொஞ்சம் சரிஞ்சு இருந்து பார்த்தாலே நிறம் மாறும், இப்ப வாங்கத் தேவையில்ல. ஐபிஎஸ்ல நிறம் வடிவா இருக்கும், எந்தப் பக்கத்தால பார்த்தாலும் அவ்வளவா மாறாது, ஆனா கறுப்பு முழுக் கறுப்பா வராது, கொன்ட்ராஸ்ட் (வெள்ளை கறுப்ப விட எத்தினை மடங்கு வெளிச்சம் எண்டது) 1000க்கு 1 அளவில நிக்கும். விஏயில அது 3000க்கு 1 எண்டு வரும், இருட்டு நல்ல இருட்டா இருக்கும், ஆனா கனக்க விஏ பனல்ல, அதுவும் விலை குறைஞ்சதுகள்ல, கறுப்பில இருந்து கடும் சாம்பலுக்கு மாறுற வேகம் சரியான குறைவு.

இது எனக்கு நடந்தது. நான் முதல் முதல் வாங்கின 27 இஞ்சி விஏ பனல். கொழும்பில ஒரு கடை, பெயர் வேண்டாம், அவங்க காட்டினது பூவும் மீனும் ஓடுற வெளிச்சமான வீடியோ, பார்க்க கண்ணுக்குள்ள நிண்டது. பெட்டியில 1 மில்லிசெகண்ட் எண்டு பெரிசா கிடந்தது. வீட்ட கொண்டுவந்து இரவுக்காட்சி உள்ள ஒரு கேம போட்டா, ஆள் ஓடக்குள்ள பின்னால கறுப்பு மை இழுபட்ட மாதிரி ஒரு வால் வருது, சுவர் ஓரமெல்லாம் கரையுது. திருப்பிக் கேட்டன், "திறந்த பெட்டி எடுக்கமாட்டம், இது பழுதும் இல்ல" எண்டாங்க. பழுது இல்லாதது உண்மைதான், அந்தப் பனல்ட குணமே அது. கடையில அண்டைக்கு ஒரு இருட்டுக் காட்சிய போட்டுப் பார்த்திருந்தா அந்தக் காசு எனக்கு மிஞ்சியிருக்கும்.

அந்த 1 மில்லிசெகண்ட் எண்ட கணக்கையும் விளங்கிக்கொள்ளுங்க. எல்சிடி எண்டா பின்னுக்கு எல்ஈடி வெளிச்சம், முன்னுக்கு திரவப் பளிங்கு, அந்தப் பளிங்கு திரும்பித்தான் வெளிச்சத்த விடுறதும் மறைக்கிறதும். ஒரு சாம்பல்ல இருந்து இன்னொரு சாம்பலுக்கு திரும்ப எடுக்கிற நேரத்த கொம்பனி அளக்கக்குள்ள ஆகவும் வேகமான ஒரு மாற்றத்த மட்டும் எடுத்து பெட்டியில போடலாம், மற்ற மாற்றம் 10, 15 கூட எடுக்கலாம். சிலதில எம்பிஆர்டி எண்டு போட்டிருக்கும், அது வெளிச்சத்த விட்டு விட்டு எரிய வச்சு எடுக்கிற வேற அளவு, ரெண்டையும் ஒண்டோட ஒண்டு ஒப்பிட ஏலாது. 165 ஹேர்ட்ஸில ஒரு படம் 6 மில்லிசெகண்ட்தான் நிக்குது, பளிங்கு திரும்ப 15 எடுத்தா அடுத்த ரெண்டு படமும் வந்திடும், அதுதான் அந்த வால்.

சைஸ் பற்றி கனக்க கதைக்கத் தேவையில்ல. ரெசலூசன் எண்டது திரையில உள்ள புள்ளிக் கணக்கு, 1080 எண்டா 24 இஞ்சி, 27 எண்டா 1440. 27ல 1080 போட்டா ஒரு இஞ்சிக்கு 82 புள்ளிதான் வரும், நம்மட வீட்டு மேசை ரெண்டடி அகலம், கிட்ட இருந்து பார்க்கக்குள்ள எழுத்து மொத்தமா பிசிறா தெரியும். வளைஞ்ச திரை உங்கட விருப்பம். வெளிச்சமும் இருட்டும் கூட வடிவா தெரியும் எண்டு ஒட்டுற எச்டிஆர் 400 எண்ட ஸ்டிக்கருக்கு மேலதிகமா ஒரு சதமும் குடுக்காதீங்க, விலை குறைஞ்சதில அத போட்டா படம் வெளிறித்தான் போகும்.

இப்ப கடையில செய்யிற வேலை. ஒரு பென்டிரைவ்ல சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு, சாம்பல் எண்டு ஆறு முழு நிறப்படம் போட்டுக்கொண்டு போங்க, ஒரு காய்ஞ்ச மெல்லிய துணி, ஏலுமெண்டா கேம் உள்ள லெப்டொப். பெட்டிய உங்கட கண்ணுக்கு முன்னால வெட்டச் சொல்லுங்க, பெட்டியில உள்ள சீரியல் நம்பரும் மொனிட்டர்ட முதுகில உள்ளதும் ஒண்டா எண்டு பாருங்க. போட்டு உடன பார்க்காதீங்க, பத்துப் பதினஞ்சு நிமிசம் எரிஞ்சு சூடாகட்டும்.

கறுப்பு படத்த போட்டு லைட்ட நிப்பாட்டச் சொல்லுங்க, மாட்டம் எண்டா தலைக்கு மேலால ஒரு துவாய போட்டு மொனிட்டரையும் சேத்து மூடிக்கொண்டு பாருங்க, வெக்கப்படத் தேவையில்ல. மூலையில வெள்ளையா வெளிச்சம் தெரியும். தலைய இடம் வலம் அசைக்க அதுவும் கூடிக் குறைஞ்சா அது ஐபிஎஸ்ட இயல்பு, விடலாம். தலைய அசைச்சாலும் அதே இடத்தில அதே அளவில நிண்டா அது பிரேம் அமத்தி பின் வெளிச்சம் கசியிறது, அந்தப் பீச வேண்டாம் எண்டு சொல்லுங்க. போன்ல படம் எடுத்து முடிவு செய்யாதீங்க, கமெரா அத ரெண்டு மடங்கா காட்டும். கறுப்பிலயே சிவப்பு, பச்சையா ஒரு பொட்டு எரிஞ்சா அது சிக்கின பிக்சல் (பிக்சல் எண்டா திரையில ஒரு புள்ளி), வெள்ளையில கறுப்பா நிண்டா செத்த பிக்சல், துணியால துடைச்சுப் பார்த்தா தூசி எண்டா போயிடும். 1080 திரையில 20 லட்சத்துக்கு மேல புள்ளி இருக்கு, அதில ஒண்டு ரெண்டு போனா கனக்க கொம்பனி மாத்தித் தரமாட்டாங்க, எத்தினைக்கு மேல போனா மாத்துவீங்க எண்டு காசு குடுக்க முதலே கேட்டு பில்லில எழுதி எடுங்க. சாம்பல் படத்தில அழுக்குத் துணியால துடைச்ச மாதிரி பட்டி பட்டியா தெரியுதா எண்டும் பாருங்க, கேம்ல வானத்தையோ மணல் நிலத்தையோ பார்த்துக்கொண்டு திரும்பக்குள்ள அதுதான் கண்ணில குத்தும்.

பிறகு அசைவு. டெஸ்ட்யூஎஃப்ஓ எண்ட தளத்த திறந்தா ஒரு பறக்கும் தட்டு குறுக்கால ஓடும், கண்ணால அதத் தொடர்ந்து பாருங்க. மொனிட்டர் மெனுவில பளிங்க வேகமா திருப்புற ஓவர்டிரைவ் எண்டு நோர்மல், ஃபாஸ்ட், ஃபாஸ்டஸ்ட் மாதிரி மூண்டு இருக்கும், ஒவ்வொண்டா மாத்துங்க. குறைவா வச்சா பின்னால மங்கலா நிழல் வரும், ஆகக் கூட்டினா பளிச்செண்டு வேற நிறத்தில ஒரு ஓரம் வரும், அது இன்னும் மோசம், பெட்டியில போட்ட 1 மில்லிசெகண்ட் கனக்க நேரம் அந்த மோட்டிலதான் கிடைக்கிறது. நடு மோட்டில சுத்தமா ஓடினா நல்ல பனல். கடைசியா வெளிச்சத்த 20 வீதத்துக்கு குறைச்சுப்போட்டு, போன் கமெராவில ப்ரோ மோட் இருந்தா ஷட்டர செக்கன்ல 1000ல ஒண்டு எண்டு வச்சு வெள்ளைத் திரையப் பாருங்க, கறுப்பு பட்டி ஓடினா பின் வெளிச்சம் அணைஞ்சு அணைஞ்சு எரியுது எண்டு அர்த்தம், தலையிடி வாற ஆக்கள் அத எடுக்காம விடுறது நல்லம்.

செக்கன்ட் ஹேண்ட் எண்டா நம்மட ஊருக்கெண்டு ஒரு கவனம் வேணும். உப்புவெளி, நிலாவெளி மாதிரி கடற்கரைக்கு கிட்ட உள்ள வீட்டில இருந்து வந்ததெண்டா டோர்ச் அடிச்சு துளைகள பாருங்க. அப்படி ஒண்ட நான் கழட்டினன், வெளியால புதுசு மாதிரி, உள்ளுக்கு ஆணியெல்லாம் துருவேறி, பனலுக்குப் போற பட்டி வயர்ட முனையில பச்சையா பூத்துக் கிடந்தது. தொட்டுத் துடைச்சா ஒரு கிழமை வேலை செய்யும், பிறகு கோடு விழும். அதோட எறும்பு. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பொடி எறும்பு காத்துத் துளையால உள்ளுக்கு போய் பனலுக்கும் வெள்ளைத் தாளுக்கும் நடுவில நடக்கும், பார்த்தா திரையில ஒரு பிக்சல் ஊருற மாதிரி இருக்கும். தயவுசெய்து விரலால அமத்தாதீங்க, செத்தா அந்த இடத்திலயே ஒட்டிக்கொள்ளும். மொனிட்டர நிப்பாட்டிட்டு பக்கத்தில ஒரு லாம்ப எரிய விடுங்க, கனக்க நேரம் தானா வெளிய வரும்.

வெளிநாட்டில இருந்து வந்த மொனிட்டர் எண்டா அடப்டர்ல 100ல இருந்து 240 வோல்ட் எண்டு போட்டிருக்கா எண்டு பாருங்க, நமக்கு 230. மூண்டு பின் பிளக்கில ஏர்த் பின்ன வெட்டி ரெண்டு பின் துளைக்குள்ள குத்துற வேலைய ஒருக்காலும் செய்யாதீங்க. ஸ்டாண்ட் இரும்பில கை வைக்க சுரீர் எண்டா அது மொனிட்டர்ட பழுதா இருக்கோணும் எண்டில்ல, வீட்டில ஏர்த் இல்லாததாலயும் வரும், வயரிங் செய்யிற ஆள கூப்பிட்டு காட்டுங்க. கரண்ட் போனா பிளக்க கழட்டுங்க, திரும்ப வரக்குள்ள அடிக்கிற அடியில போன பவர் போட் எங்கட கடையில ஒரு பெட்டி நிறைய கிடக்கு.

கொழும்பில வாங்கி இரவு பஸ்ஸில ஏத்துறதெண்டா டிக்கிக்குள்ள படுக்கப் போடாதீங்க, பெட்டியில அம்புக்குறி காட்டுற மாதிரி நிமித்தி, ஏலுமெண்டா உங்கட சீட்டுக்கு முன்னால காலுக்குள்ள வச்சுக்கொண்டு வாங்க. 260 கிலோமீட்டர், மேல ஒரு சூட்கேஸ் ஏறினா பனல் உள்ளுக்கு அமந்து வெள்ளைத் தழும்பு விழும், அதுக்கு எந்த வாரண்டியும் இல்ல.

பில் இல்லாம வாங்காதீங்க, விலை குறைக்கிறம் எண்டு சொன்னாலும் வேண்டாம். பில்லில மொடல், சீரியல், வாரண்டி எத்தினை வருசம், பழுதெண்டா கொழும்புக்கு அனுப்புற செலவு யாருக்கு, இது நாலும் எழுத்தில இருக்கணும். கடை ஏமாத்துது எண்டா நுகர்வோர் விவகார அதிகாரசபைட 1977 எண்ட போன் நம்பருக்கு எடுத்துச் சொல்லலாம், முறைப்பாடு எழுத்தில குடுக்கணும், அதுவும் வாங்கி 3 மாசத்துக்குள்ள, அதால "பிறகு பார்ப்பம்" எண்டு இழுக்காதீங்க.

கிண்ணியாப் பெடியன் ரெண்டு கிழமை கழிச்சு போன் எடுத்தான். கூட்டாளிக்கு மொனிட்டர் பார்க்க போயிருக்காங்களாம், கடையில நிண்டுகொண்டுதான் கதைச்சான். "அண்ணா, துவாய போட்டு மூடித்தான் பார்த்தம், வலது பக்கம் கீழ்மூலையில வெளிச்சம் நிக்குது, தலைய ஆட்டினாலும் போகுதில்ல, என்ன செய்ய?" எண்டான். அடுத்த பெட்டிய வெட்டச் சொல்லு எண்டன்.